தோற்றவர் எப்படி இந்தப் பட்டியலில்?

பேஸ்பாலை மாற்றிய பத்து வீரர்கள் என்று நான் போட்ட பட்டியலில் கர்ட் ஃபிளட்டை வைத்துக்கொண்டு ரொபர்ட்டோ கிளெமென்டேவை எடுத்துவிட்டேன். பட்டியல் வெளியாகி நாளாகிறது, யாரும் சண்டைக்கு வரவில்லை. ஆனாலும் சார் கேட்டதும் நான் சொன்ன பதிலும் மனதை விட்டுப் போகவில்லை.

பேஸ்பாலை மாற்றிய பத்து வீரர்கள் என்றால் முதல் சில பெயர்களுக்கு யோசிக்கவே வேண்டாம். பேப் ரூத் 1919ல் 29 ஹோம் ரன் (பந்தை எல்லைக்கு வெளியே அடிப்பது) அடித்தார், யாங்கீஸ் அணிக்குப் போன 1920ல் 54. அந்த ஆண்டு அமெரிக்கன் லீக்கின் மற்ற 7 அணிகளில் ஒன்றுகூட, அணி முழுவதும் சேர்ந்தும், அவ்வளவு அடிக்கவில்லை. ஜாக்கி ராபின்சன் 1947 ஏப்ரல் 15 அன்று நவீன மேஜர் லீக்கின் முதல் கறுப்பின வீரராக, புரூக்ளின் டாட்ஜர்ஸுக்காகக் களமிறங்கியதை விட்டுவிட்டு யாராலும் இந்த வரலாற்றை எழுத முடியாது. கடைசி இடத்துக்கு ஃபிளட் என்றதும்தான் சிக்கல் வந்தது, சார் கேட்டார்.

"கேஸ் போட்டுத் தோத்தவர்தானே? இவர் எப்படிப்பா இந்த லிஸ்ட்ல?"

"தோத்தாலும் அவர்தான் சார் ஆரம்பிச்சு வெச்சது."

"பின்னாடி ஜெயிச்சது மெஸ்ஸர்ஸ்மித், மெக்நாலின்னு ரெண்டு வீரர்கள். அப்ப அவங்களைத்தானே போடணும்?"

"அவங்க ஜெயிச்சதே இவர் தோத்ததாலதான் சார்."

சார் சிரித்தார். "சரி, யாரை எடுக்கறதுன்னு நீயே பாத்துக்கோ. யாராவது கேட்டா நீதான் பதில் சொல்லணும்."

இவர் தோற்றதால்தான் அவர்கள் ஜெயித்தார்கள் என்று நான் சொன்னது உண்மையா, கேட்க நன்றாக இருந்ததால் சொன்னேனா? அதுதான் என்னை அரிக்கிறது. செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸில் 12 பருவங்கள் ஆடிய ஃபிளட்டை 1969 அக்டோபரில் ஒரு வார்த்தை கேட்காமல் பிலடெல்பியாவுக்கு மாற்றினார்கள். ஒப்பந்தம் முடிந்தாலும் வீரர் அணிக்கே சொந்தம் என்பது அன்றைய விதி. விருப்பத்தைக் கேட்காமல் வாங்கி விற்க நான் ஒரு சொத்து இல்லை என்று அந்த டிசம்பர் 24ல் பேஸ்பால் ஆணையர் போவி கூனுக்குக் கடிதம் எழுதினார். அப்போது அவர் சம்பளம் ஆண்டுக்கு 90,000 டாலர். பிறகு அந்த விதியை எதிர்த்து அவர் போட்ட வழக்கின் செலவை வீரர்கள் சங்கம் ஏற்றது. ஆனால் வழக்கு நடந்தபோது அப்போது ஆடிக்கொண்டிருந்த ஒரு வீரர்கூட சாட்சி சொல்ல வரவில்லை. ஓய்வுபெற்ற ராபின்சன் வந்தார்.

1972ல் உச்ச நீதிமன்றத்தில் 5க்கு 3 என்று தோல்வி. தீர்ப்பை எழுதிய நீதிபதி ஹாரி பிளாக்மன், சட்டத்துக்கு வருவதற்கு முன்பே, ரூத் முதலான பழைய நட்சத்திரங்கள் எண்பதுக்கும் மேற்பட்டவர்களின் பெயர்களை ரசித்து ரசித்து அடுக்கியிருந்தார். வழக்குப் போட்டவரின் பெயர் அதில் இல்லை. அதைப் படித்த அன்றே, நான் போடும் பட்டியலில் இவர் இருந்தே ஆக வேண்டும் என்று முடிவு செய்துவிட்டேன். அதற்கான காரணங்களைப் பிறகுதான் தேடினேன் என்றும் தோன்றுகிறது.

சட்டப்படி பார்த்தால் சார் சொன்னதே சரி. 1975 டிசம்பரில் ஒப்பந்தத் தகராறுகளைத் தீர்க்கும் நடுவர் பீட்டர் சைட்ஸ் மெஸ்ஸர்ஸ்மித்தையும் மெக்நாலியையும் அவர்களின் அணிகளின் பிடியிலிருந்து விடுவித்தது ஃபிளட் வழக்கை வைத்து அல்ல, ஒப்பந்தத்தில் அணி ஓராண்டு நீட்டிக்கலாம் என்றிருந்தால் அது ஓராண்டுதான் என்று படித்து. ஆனால் 10 ஆண்டு ஆடி, அதில் கடைசி 5 ஆண்டு ஒரே அணியில் இருந்தவரை அவர் சம்மதம் இல்லாமல் மாற்றக்கூடாது என்று 1973ல் ஒரு விதி வந்ததே, அது ஃபிளட்டின் பெயரால்தான் இன்றும் அறியப்படுகிறது. சாரிடம் அதைச் சொல்லியிருக்கலாம். அந்த நேரத்தில் வாயில் வரவில்லை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். என்னையும் அப்போதுதான் வேலையில் கேட்காமல் கொள்ளாமல் இந்த டீமுக்கு மாற்றியிருந்தார்கள். சிறந்த ஃபீல்டருக்கான கோல்டு கிளவ் விருதை ஏழு முறை தொடர்ந்து வாங்கிய சென்டர் ஃபீல்டர் ஃபிளட்டோடு என்னைச் சேர்த்துப் பேசுவது ரொம்ப ஓவர்தான். அந்தக் கோபத்துக்கு இந்தத் தேர்வில் பங்கு இல்லை என்று சத்தியம் செய்யவும் முடியாது.

கிளெமென்டே விஷயத்தில்தான் என் சமாதானம் நிற்கவில்லை. பந்தை அடித்து பேஸை எட்டிய 'ஹிட்' சரியாக 3,000. 1972 டிசம்பர் 31 அன்று நிகரகுவா நிலநடுக்கத்தில் பாதிக்கப்பட்டவர்களுக்கு நிவாரணப் பொருள் கொண்டுபோன விமானம் விழுந்து இறந்தார். அடுத்த ஆண்டே பேஸ்பாலின் மகத்தானவர்களைக் கௌரவிக்கும் ஹால் ஆஃப் ஃபேமில் சேர்க்கப்பட்டார், லத்தீன் அமெரிக்காவிலிருந்து அங்கே போன முதல் வீரர். இன்று எந்த அணியை எடுத்தாலும் டொமினிக்கன், வெனிசுவேலா, போர்ட்டோ ரிக்கோ வீரர்கள் இருக்கிறார்கள். அவர்களில் பலருக்கு இவர்தான் ஆதர்சம். அவர் பெயரில் ஆண்டுதோறும் விருதே இருக்கிறது, ஃபிளட்டுக்கு ஹால் ஆஃப் ஃபேமும் இல்லை, அதனால் இந்த இடமாவது அவருக்கு இருக்கட்டும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அப்படிப் பார்த்தால் நான் கொடுத்தது ஆறுதல் பரிசு. பட்டியலின் தலைப்பு அது இல்லையே.

அடுத்த திருத்தத்தில் ஜப்பான் வீரர் ஷோஹெய் ஒஹ்தானியைச் சேர்க்க வேண்டும் என்று சார் சொல்லியிருக்கிறார். ஃபிளட்டை எடுக்கச் சொன்னால் இந்த முறை 1973 விதியை முதலிலேயே எடுத்து வைப்பேன். கிளெமென்டேவை ஏன் விட்டாய் என்று கேட்டால்தான் என்ன சொல்வதென்று தெரியவில்லை.