படுகளமும் ஒரு மணி நேரக் கூத்தும்

எங்கள் செய்யாறு வட்டாரத்தில் நாடகம் பார்க்கக் கட்டடம் தேவைப்பட்டதில்லை. திரௌபதி அம்மன் கோயிலில் கொடியேறிவிட்டால் பகலில் பாரதப் பிரசங்கம், இரவில் தெருக்கூத்து. கோயிலுக்கு எதிரே இருக்கும் வெளிதான் களம். பின்னால் ஒரு பெஞ்சு போட்டு ஹார்மோனியம், மிருதங்கம், முகவீணை, தாளக்காரர்கள் உட்கார்ந்துவிடுவார்கள். மற்ற மூன்று பக்கமும் ஊர்.

துரியோதனன் சட்டென்று வந்து நின்றுவிட மாட்டான். இரண்டு பேர் திரை பிடிப்பார்கள். உள்ளேயிருந்து சலங்கையும் பாட்டும் கேட்கும். மேலே கிரீடத்தின் நுனி மட்டும் ஆடும். கட்டியங்காரன் வருகிறவனின் பெருமையைச் சொல்லிக்கொண்டே இருப்பான். கல்யாண முருங்கை மரத்தில் செதுக்கி, கண்ணாடிச் சில்லு பதித்த கிரீடமும் புஜக்கட்டையும் திரை விலகியதும் ஒருசேர மின்னும். தூங்கிவிட்ட பிள்ளைகளை இதற்காகவே தட்டி எழுப்புவார்கள்.

இந்தக் கூத்தைச் சென்னை அரங்குகளில் ஒரு மணி நேரமாகச் சுருக்கி ஆடுவதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது. நகரத்துக்குக் கூத்து போகக்கூடாது என்று சொல்லவில்லை. 1977இல் ந. முத்துசாமி கூத்துப்பட்டறை என்ற நாடகக் குழுவைத் தொடங்கியதால் நவீன நாடகத்துக்குக் கிடைத்த பலம் பெரியது. ஆனால் திரைக்குப் பின்னால் நடக்கும் அந்த நீண்ட காத்திருப்பை வெட்டிவிட்டால், துரியோதனன் வெறும் உடுப்புப் போட்ட ஆளாகத்தான் வந்து நிற்கிறான்.

இன்னொன்றும் அரங்கத்துக்குள் வராது. அர்ச்சுனன் தவம் செய்யும் அர்ச்சுனன் தபசுக் கூத்தில் வேடக்காரர் உயரமான தபசு மரத்தில் பாடிக்கொண்டே ஏறி, உச்சியிலிருந்து எலுமிச்சம்பழம், விபூதி எல்லாம் வீசுவார். கீழே பிள்ளை வரம் கேட்கும் பெண்கள் முந்தானையை ஏந்தி நிற்பார்கள். அவர்களைப் பார்வையாளர்கள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

கடைசி நாள், துரியோதனன் வீழும் சடங்கான படுகளத்தில் அவன் மண்ணுருவமாக, பெரிய ஆகிருதியோடு தரையில் மல்லாந்து கிடப்பான். பீமன், துரியோதனன் வேடக்காரர்கள் அந்த மண்ணுருவத்தின் மேலேயும் சுற்றியும் ஓடிச் சண்டையிடுவார்கள். தொடையில் அடி விழுந்ததும் சிவப்புநீர் வெளிவரும். விரித்த கூந்தலைத் திரௌபதி முடிவாள். துரியோதனன் மனைவி பெருந்திருவாள் ஒப்பாரி வைப்பாள். இத்தனை நாளும் அவனைத் திட்டித் தீர்த்த கிழவிகளும் கூடச் சேர்ந்து அழுவார்கள். பிறகு அந்த மண்ணில் ஒரு பிடி அள்ளி வீட்டுக்குக் கொண்டுபோவார்கள். மாலையில் தீமிதி.

பார்க்க விரும்புகிறவர்கள் படுகளத்துக்கு முந்தின இரவே வந்துவிடுங்கள். பதினெட்டாம் போர்க் கூத்தை விடிய விடியப் பார்த்துவிட்டுத்தான் படுகளத்துக்குப் போகவேண்டும்.