முந்நூறு எலும்புகளின் கணக்கு

ஆயுர்வேதக் கல்லூரியில் முதலாண்டு மாணவர்களுக்கு உடற்கூறு கற்பிக்கிறேன். ஒவ்வோர் ஆண்டும் யாராவது ஒருவர் எழுந்து கேட்டுவிடுவார்: "மேடம், சுஸ்ருதர் 300 எலும்பு என்கிறார், சரகர் 360 என்கிறார். நம் பாடப்புத்தகத்தில் 206தான் இருக்கிறது. எது சரி?"

சுஸ்ருதரும் சரகரும் ஆயுர்வேத மூலநூல்களை எழுதிய பழங்கால ஆசிரியர்கள். இந்தக் கேள்விக்குச் சிலர் ஒரு சமாதானம் வைத்திருக்கிறார்கள். பிறந்த குழந்தைக்கு முந்நூறை நெருங்கி எலும்புகள் உண்டாம்; சுஸ்ருதர் அதைத்தான் எண்ணினாராம். எனக்கு இதில் துளியும் உடன்பாடில்லை. அவருடைய பட்டியலில் 32 பற்கள் இருக்கின்றன. எந்தக் குழந்தை 32 பல்லோடு பிறக்கிறது? பற்களையும் குருத்தெலும்புகளையும் அவர் எலும்போடு சேர்த்தார். சரகரோ நகங்களையும் பல் பதியும் குழிகளையும்கூடச் சேர்த்தார். அவற்றைக் கழித்தாலும் கணக்கு முழுதாக ஒத்துவராது. இழுத்துப் பிடித்து ஒத்துவர வைப்பதும் சுஸ்ருதருக்குச் செய்யும் மரியாதை ஆகாது.

அவர் உடலைப் பார்த்த முறையைப் படியுங்கள். சுஸ்ருத சம்ஹிதையில் உடலைப் பற்றிய பகுதியான சாரீர ஸ்தானம், ஐந்தாம் அத்தியாயம். உறுப்புக் குறையில்லாத, விஷத்தாலோ நெடுநாள் நோயாலோ இறக்காத, நூறு வயதைத் தொடாத ஒருவரின் உடல் வேண்டும். குடலிலுள்ள மலத்தை நீக்கி, புல், மரப்பட்டை, சணல் போன்ற ஒன்றைச் சுற்றி, கூண்டில் வைத்து, மறைவான இடத்தில் ஓடும் நீரில் ஏழு இரவுகள் ஊறவிட வேண்டும். பிறகு வெட்டிவேர், முடி, மூங்கில் இவற்றில் ஒன்றால் ஆன தூரிகையால் மெல்ல மெல்லத் தேய்த்து, தோலில் தொடங்கி உள்ளுறுப்புகள்வரை கண்ணாலேயே பார்க்க வேண்டும். இந்த இடத்தில் கத்தியைப் பற்றிப் பேச்சே இல்லை.

தோலை ஏழு அடுக்காகப் பிரித்தவர், எலும்பையும் எலும்பு மூட்டையும் தசைநாரையும் அத்தனை நுணுக்கமாக எண்ணியவர், மூளையைப் பற்றி அதிகம் பேசாததற்கு இந்த முறையே காரணம் என்று நினைக்கிறேன். ஏழு நாள் தண்ணீரில் கிடந்தால் மூளை கூழாகிவிடும். எங்கள் உடற்கூறுக் கூடத்தில் ஃபார்மலின் என்ற பதப்படுத்தும் திரவம் அதை இறுக்கி வைப்பதால்தான் வில்லை வில்லையாக அரிந்து காட்ட முடிகிறது.

சுஸ்ருதருக்குப் பின் பல நூற்றாண்டுகள் வைத்தியர்கள் பிணத்தைத் தொடாமலே சுலோகத்தை மனப்பாடம் செய்தார்கள். அதுதான் எனக்கு ஆறாத வருத்தம். 1836இல் கல்கத்தா மருத்துவக் கல்லூரியில் மனித உடலை அறுத்துக் காட்டிய மதுசூதன் குப்தா ஆயுர்வேதம் படித்தவர் என்பதை மாணவர்களிடம் தவறாமல் சொல்வேன்.

நூலில் கற்றதும் நேரில் கண்டதும் சேர்ந்தால்தான் அறிவு பெருகும் என்று சுஸ்ருதரே அந்த அத்தியாயத்தில் சொல்லிவிட்டார். ஆகவே என் தேர்வில் 300 என்றும் எழுதலாம், 206 என்றும் எழுதலாம். எதையெல்லாம் எண்ணினால் அந்தத் தொகை வரும் என்று எழுதாதவருக்கு மதிப்பெண் கிடையாது.