ஜீப்புக்குப் போட்ட போர்வெல்

எங்கள் தெருவில் இன்னும் சில பேர் என்னைப் பார்த்தால், "எத்தனை அடியில தண்ணி வந்துச்சு?" என்று கேட்டுவிட்டுத்தான் மற்ற பேச்சைத் தொடங்குகிறார்கள். நான் போர் போடவில்லை. ஜீப்புக்கு மூக்கு வைத்தேன், அவ்வளவுதான்.

ஜீப் பழசு. இரண்டரை லிட்டர் டீசல் என்ஜின். டர்போ கிடையாது, ஏசி கிடையாது, மழைக்காலத்தில் ஹாரனும் கிடையாது. மூன்று வருஷத்துக்கு முன் செகண்ட் ஹேண்டில் வாங்கினேன். பாலக்கோடு பக்கம் இருக்கும் மாந்தோப்புக்கு மண் ரோட்டில் போய்வர வேண்டும் என்பது வீட்டில் சொன்ன காரணம். ஞாயிற்றுக்கிழமைகளில் நண்பர்களோடு கல், மேடு, பள்ளம் என்று ஏற்றி இறக்குவது சொல்லாத காரணம். வீட்டம்மாவுக்கு இரண்டாவதும் தெரியும் என்பது வேறு விஷயம்.

போன வருஷம் வண்டிக்கு மேடு ஏறினால் இளைப்பு வந்தது. நாலு பேர் உட்கார்ந்தால் கறுப்புப் புகை கக்கிக்கொண்டு முனகும். மெக்கானிக் அண்ணனிடம் போயிருக்கலாம். போனால் "ஆயில் எப்போ மாத்தினே?" என்று ஆரம்பித்து என் பரம்பரை வரைக்கும் விசாரிப்பார். அதனால் வீடியோ பார்த்தேன். பத்து வீடியோவும் ஒரே விஷயத்தைத்தான் சொன்னது: என்ஜினுக்குக் காற்று பத்தவில்லை, நல்ல ஃபில்டர் போடு, பவர் கூடும்.

சிவப்புக் கலரில் கூம்பு மாதிரி ஒரு ஃபில்டர், 2,800 ரூபாய். வந்ததும் பானெட்டைத் திறந்து, உருண்டையாக உட்கார்ந்திருந்த பழைய ஏர் கிளீனரைக் கழற்றி ஷெட் மூலையில் போட்டேன். அந்த இடத்தில் கூம்பை வைத்துக் கிளிப்பை இறுக்கினேன். ஸ்டார்ட் செய்ததும் 'ஹ்ஹ்ஹூ' என்று ஒரு சத்தம். ஜல்லிக்கட்டுக் காளை மூச்சு விடுகிற மாதிரி இருக்கிறது என்றேன். "குக்கர் கேஸ்கெட் போன மாதிரி இருக்கு" என்றாள் மனைவி.

ஆனால் உண்மையைச் சொல்லவேண்டும், வண்டி நன்றாக இழுத்தது. தோப்பு மேட்டை மூன்றாவது கியரிலேயே ஏறியது. அன்றைக்கு இருந்த மிதப்பில் நண்பர்கள் மூன்று பேருக்குக் காற்றைப் பற்றி வகுப்பே எடுத்தேன். இரண்டரை லிட்டர் என்ஜின் 2,000 ஆர்பிஎம்மில் ஓடினால் நிமிஷத்துக்கு ஏறக்குறைய 2,500 லிட்டர் காற்றைக் குடிக்கும். நம் மொட்டை மாடியில் இருக்கும் ஆயிரம் லிட்டர் தொட்டியில் இரண்டரைத் தொட்டி, ஒரே நிமிஷத்தில். நண்பர்கள் வாயைப் பிளந்தார்கள். எனக்கு அங்கேதான் தலை கனத்தது.

மதிய வெயிலில் மட்டும் வண்டி கொஞ்சம் மந்தமானது. காரணத்தையும் நானே கண்டுபிடித்தேன். கூம்பு ரேடியேட்டருக்குப் பின்னால் திறந்தபடி இருக்கிறது, அது விடும் அனல் மூச்சைத்தான் இழுக்கிறது. வெளியே 30 டிகிரி, பானெட்டுக்குள் 60 டிகிரி என்றால் அதே லிட்டர் காற்றில் கிட்டத்தட்ட நூற்றுக்கு ஒன்பது பங்கு சரக்கு குறைவு. அப்படியானால் குளிர்ந்த காற்று வேண்டும். அதுவும் புழுதிக்கு மேலிருந்து வேண்டும். அப்படி மேலிருந்து காற்றை இழுத்துக்கொடுக்கும் குழாய்க்குப் பெயர் ஸ்னார்க்கல். கடையில் விலை கேட்டேன். கேட்டதோடு சரி.

ஹார்டுவேர் கடையில் மூன்று அங்குல பிவிசி குழாய், எல்போ நாலு, சால்வென்ட் ஒரு டப்பா. கூம்பை நாலு லிட்டர் பெயிண்ட் டப்பாவுக்குள் வைத்து மூடி, டப்பாவிலிருந்து குழாயை எடுத்து, பானெட் பக்கவாட்டில் ஓட்டை போட்டு, கண்ணாடி ஓரமாக ஏற்றி, கூரை ஹூடுக்கு மேலே வாயைப் பின்பக்கம் திருப்பிவிட்டேன். மழைத் தண்ணீர் உள்ளே போய்விடக் கூடாதே. காற்றை அமுக்கலாம், தண்ணீரை அமுக்க முடியாது. சிலிண்டருக்குள் தண்ணீர் போனால் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். இதையும் வகுப்பில் சொன்னேன்.

தள்ளி நின்று பார்த்தேன். ஜீப் மாதிரியும் இருந்தது, அரசாங்கம் பாதியில் விட்டுப்போன குடிநீர்த் திட்டம் மாதிரியும் இருந்தது. மாமா வந்து குழாயைத் தட்டிப் பார்த்து, "மாப்ளே, கம்ப்ரஸரா, சப்மெர்சிபிளா?" என்றார். எதிர்வீட்டுக்காரர், "நம்ம ஊர்ல ஆயிரம் அடி போட்டாலும் புழுதிதான் பறக்குது, நீ வண்டியில போட்டிருக்கே" என்று அனுதாபப்பட்டார்.

அடுத்த ஞாயிறு வத்தல்மலை ஏறுவதாகத் திட்டம். மாசி மாதம். விடியற்காலை ஐந்து மணி இருட்டில் நாலு பேர் கிளம்பினோம். ஹூடெல்லாம் பனியில் நனைந்து கிடந்தது. தர்மபுரி தாண்டும்போதே வண்டி லேசாகக் கனத்தது. என்ஜின் இன்னும் சூடாகவில்லை என்று நினைத்துக்கொண்டேன். அடிவாரம் தாண்டி இரண்டு கொண்டை ஊசி வளைவு ஏறியதும் மூன்றாவது கியர் போனது. நாலாவது வளைவில் இரண்டாவதும் போனது. முதல் கியரில், பின்னால் வரும் உலகம் தெரியாத அளவுக்குக் கறுப்புப் புகையோடு, நடந்து போகிறவர் வேகத்தில் ஏறினோம். பின்னாலிருந்து டிவிஎஸ் எக்ஸெல்லில் இரண்டு மூட்டையை வைத்துக்கொண்டு ஒரு பெரியவர் வந்தார். எங்களைத் தாண்டும்போது நின்று நிதானமாக, "தள்ளணுமாப்பா?" என்று கேட்டார். கிண்டல் இல்லை, நிஜமாகவே கேட்டார். அதுதான் வலித்தது.

ஓரங்கட்டினோம். என்ஜினை அணைக்காமல் நான் பானெட்டைத் திறந்து முறைத்துக்கொண்டிருந்தேன். உயரம் ஏற ஏறக் காற்று மெலியும், ஆயிரம் மீட்டருக்குக் கிட்டத்தட்ட நூற்றுக்குப் பத்து பங்கு குறையும் என்று ஆரம்பித்தேன். யாரும் கேட்கவில்லை. வண்டிக்குப் பின்னால் போயிருந்த நண்பன் மட்டும் கத்தினான்: "மச்சான், உன் குழாய்க்கு யாருடா வேடு கட்டினது?"

போய்ப் பார்த்தேன். குழாய் வாயில் ஊறுகாய் ஜாடிக்குக் கட்டுகிற மாதிரியே துணி போட்டு, சணலால் இரண்டு சுற்று சுற்றி, அழகாகச் சுருக்கு முடிச்சு. என்ஜின் இழுக்கிற இழுப்பில் துணி உள்ளே குழிந்து கிண்ணம் மாதிரி இறுகியிருந்தது. நடுவில் புழுதி வட்டமாக அப்பிப் பொட்டு வைத்த மாதிரி. தொட்டால் விரலில் பசையாக ஒட்டியது. சுருக்கை உருவியதும் என்ஜின் ஒரு பெருமூச்சு விட்டது பாருங்கள், எங்கள் நாலு பேருக்கும் சேர்த்து விட்ட மாதிரி.

வீட்டுக்குப் போன் போட்டேன். அம்மாதான் எடுத்தார்.

"ஆமாம்டா, நான்தான் கட்டினேன். குழாய் வாயைத் திறந்து போட்டு வச்சிருக்கே, குளவி கூடு கட்டாதா? அணில் போகாதா?"

"அது காத்து போற வழிம்மா."

"துணியில காத்து போகாதா? வத்தல் போடுற துணிதான், மெல்லிசு வேட்டி."

போகும். ஆனால் அது போன வருஷம் கூழ் வத்தல் காயப்போட்டு, கஞ்சி விறைப்பு முழுக்கப் போகாமல் மடித்து வைத்த துணி. அதை ராத்திரிப் பனியில் நனைத்து, மேலே ரோட்டுப் புழுதியைத் தூவினால் கோந்து தடவிய அட்டைதான். வத்தல் துணியைக் கட்டிக்கொண்டு வத்தல்மலை ஏறிய வண்டி இந்த ஜில்லாவில் என்னுடையது ஒன்றாகத்தான் இருக்கும்.

துணியைக் கழற்றிய பிறகு மேலே போய்விட்டோம். காப்பித் தோட்டம், பனிமூட்டம் எல்லாம் நன்றாக இருந்தது. நண்பர்கள் எதையும் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

மறுநாள் வேறு வழியில்லாமல் மெக்கானிக் அண்ணனிடம் போனேன். குழாயைப் பார்த்தார். பெயிண்ட் டப்பாவைப் பார்த்தார். ஒன்றும் பேசவில்லை, அது திட்டுவதைவிட மோசம். "பழைய டப்பா எங்கே?" என்று மட்டும் கேட்டார். ஷெட்டிலிருந்து எடுத்துக்கொண்டு போய்க் கொடுத்தேன். அடிக்கிண்ணத்தின் கிளிப்பைத் தட்டிக் கழற்றினார். உள்ளே ஆயில் இருக்கவேண்டிய இடத்தில் கேழ்வரகுக் களி இருந்தது. உருட்டினால் உருண்டை வரும், அந்தப் பதம். கம்பி வலை முழுக்கத் தார் மாதிரி அடைப்பு.

"காத்து மேலேர்ந்து இறங்கி ஆயில்ல மோதித் திரும்பும் தம்பி. புழுதி கனம், திரும்ப முடியாம ஆயில்ல விழுந்துடும். மண் ரோட்ல ஓட்டறவன் இதை அடிக்கடி கழுவணும். மூணு வருஷமா நீ திறக்கவே இல்ல."

"அப்போ கூம்பு போட்டதும் நல்லா இழுத்துச்சே அண்ணா?"

"கூம்பு போட்டதால இழுக்கல. இந்தக் களியைக் கழட்டினதால இழுத்துச்சு." அப்புறம் குழாயைக் காட்டி, "டீசல் பம்பு சோத்தை அளந்துதான் போடுது. அது போடுற சோத்துக்குத் தேவையான காத்து இந்தப் பழைய டப்பாவிலேயே வரும். நீ மூக்கைப் பெருசாக்கினா, வயித்துக்கு எங்கேர்ந்து கூடுதலா வரும்?" என்றார்.

டீசலில் கழுவி, கோடு வரைக்கும் புது ஆயில் ஊற்றினார். நான் இன்னும் கொஞ்சம் ஊற்றச் சொன்னதும் கையைத் தட்டிவிட்டார். கோட்டுக்கு மேலே போனால் என்ஜின் அந்த ஆயிலையே உறிஞ்சி எரிக்குமாம். அப்படிப் பிடித்துக்கொண்டால் டீசலை நிறுத்தினாலும் ஓட்டம் நிற்காதாம். மொத்தம் 350 ரூபாய். தோப்பு மேடு மறுபடி மூன்றாவது கியரில்.

பானெட் ஓட்டையை மூட டிங்கரிங் கடையில் 900 கேட்டார்கள்; இப்போதைக்கு ஒரு கட்சி ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறேன். அம்மாவுக்கு வேறு கவலை. பங்குனி பிறந்து வெயில் ஏறிவிட்டது, கூழ் கிண்டி வைத்துக்கொண்டு வாசலில் நிற்கிறார்.

"அந்தத் துணியை மலையிலேயேவா போட்டுட்டு வந்தே? நல்ல துணிடா அது."