தொப்பூர் இறக்கமும் என் பழைய எஸ்டீமும்

பிரேக் பெடல் முதல் தடவையாகத் தரையைத் தொட்டது தொப்பூர் கணவாயில், இரட்டைப் பாலத்துக்குக் கொஞ்சம் முன்னால். தர்மபுரியிலிருந்து சேலத்துக்கு, என் பழைய மாருதி எஸ்டீம் காரில் அக்கா வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தேன். முன்னால் சிமென்ட் லாரி. மிதித்தால் பஞ்சு மாதிரி அமுங்குகிறது, வண்டி நிற்கவில்லை. மூன்று தடவை அடித்து மிதித்து, இரண்டாவது கியருக்கு இறக்கி ஓரம் கட்டினேன். முன் சக்கரத்திலிருந்து கருகல் வாடை.

ஃப்ரிட்ஜ், ஏசி சர்வீஸ் என் தொழில். வெப்பம் அளக்கும் லேசர் கன் எப்போதும் டேஷ்போர்டில் கிடக்கும். கை நடுங்கினாலும் எடுத்து நாலு சக்கரத்திலும் அடித்துப் பார்த்தேன். முன் இடது 310 டிகிரி. முன் வலது 190. பின் சக்கர பிரேக்கின் டிரம் இரண்டும் 50கூட இல்லை. வெயிலில் சும்மா நிற்கும் வண்டிக்கே அந்தச் சூடு இருக்கும். பளபளப்பான இரும்பில் இந்த கன் குறைத்துத்தான் காட்டும் என்பதால் எண்களை அப்படியே நம்பவில்லை. ஆனால் ஒன்றோடு ஒன்றை ஒப்பிட்டாலே கதை புரிந்தது.

வண்டி 2002 எஸ்டீம். 1,298 சிசி, 16 வால்வு, 85 குதிரைத்திறன், எடை 900 கிலோவைத் தொடாது. ஒரு காலத்தில் ஸ்ரீபெரும்புதூர் ட்ராக்கில் ரேஸ் ஓடிய ஜாதி. 2007-லேயே தயாரிப்பை நிறுத்திவிட்டார்கள். எடை குறைவு என்பதால் ஏற்றத்தில் பறக்கும். அதே காரணத்தால் பிரேக்கைப் பற்றி நான் யோசித்ததே இல்லை.

சரி, பெரிய டிஸ்க் (முன் சக்கரத்தோடு சுற்றும் தட்டு), பெரிய காலிப்பர் (அதைக் கவ்விப் பிடிப்பது) போட்டுவிடலாம் என்பதுதான் முதலில் தோன்றியது. நான்கு ரோடு பக்கம் பட்டறை வைத்திருக்கும் மெக்கானிக் அண்ணனிடம் சொன்னேன். சிரித்தார். "பெரிய டிஸ்க் போட்டா 13 இன்ச் வீல் உள்ள போகுமா? வீல் மாத்தணும், அப்புறம் டயர். காலிப்பர் பிஸ்டன் பெருசானா, பெடல மிதிச்சா ஆயில் தள்ளுற மாஸ்டர் சிலிண்டர் பத்தாது, பெடல் இன்னும் கீழ போகும். முன்னாடி மட்டும் பிடிச்சு பின்னாடி சும்மா உருளும். இருக்கற பிரேக்கே முழுசா வேலை செய்யல, அதைப் பாரு தம்பி" என்றார்.

வீட்டுக்கு வந்து ஒரு கணக்குப் போட்டேன். இரண்டு பேர், சாமான் சேர்த்து 1,050 கிலோ என்று வைத்துக்கொண்டால், 100 கிலோமீட்டர் வேகத்திலிருந்து ஒரு தடவை முழுதாக நிறுத்த பிரேக் விழுங்க வேண்டியது சுமார் 4 லட்சம் ஜூல். அதே வண்டி 100 மீட்டர் உயரம் இறங்கினால் 10 லட்சத்துக்கு மேல். அதாவது வேகம் கூடாமல் இறங்குவதற்கே, இரண்டரை தடவை சடன் பிரேக் போட்ட சூடு. கொஞ்சத்தைக் காற்று வாங்கிக்கொள்ளும், மீதி டிஸ்குக்குத்தான். சமதளத்தில் டிஸ்க் ஆற நேரம் கிடைக்கும். தொப்பூரில் கிடைக்காது.

அடுத்தது பிரேக் ஆயில். டிஸ்கை அழுத்திப் பிடிக்கும் பேட் சூடாகிப் பிடிப்பு போனால் பெடல் கல் மாதிரி இருக்கும், வண்டி மட்டும் நிற்காது. எனக்குப் பெடலே கீழே போனது. ஆயில் கொதித்து ஆவியாகியிருக்கிறது; ஆவி அமுங்கும், திரவம் அமுங்காது. ஃப்ரிட்ஜுக்குள் திரவத்தைக் கொதிக்க வைத்துத்தான் நான் சோறு தின்கிறேன், அது என் வண்டிக்குள்ளேயே நடப்பதை கவனிக்கவில்லை! டாட் 3 ஆயில் புதிதாக இருக்கும்போது 205 டிகிரிவரை தாங்க வேண்டும் என்பது விதி. காற்றிலிருந்து ஈரம் குடித்துப் பழசானால் 140 தாங்கினாலே போதும் என்கிறது அதே விதி. டாட் 4-க்கு இந்த எண்கள் 230, 155. என் டப்பாவில் இருந்தது கருப்பட்டிக் காபி நிறத்தில் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை வண்டியை ஜாக்கியில் ஏற்றி, ஸ்டாண்டு கொடுத்துப் பிரித்தேன். முன் இடது காலிப்பரின் கைடு பின் (காலிப்பர் நகர்வதற்கான கம்பி) துருப்பிடித்து இறுகிக் கிடந்தது. உள்பக்க பேட் தகடுவரை தேய்ந்திருக்க, வெளிப்பக்க பேட் பாதி மிச்சம். பின்னால் டிரம்மைக் கழற்றவே சுத்தியல் வேண்டியிருந்தது. டிரம்மை உள்ளிருந்து அழுத்தும் ஷூ நன்றாகத்தான் இருந்தது, இடைவெளியைச் சரிசெய்யும் அட்ஜஸ்டர் இறுகியதால் டிரம்மைத் தொடவே இல்லை. இந்த வண்டியை முன் சக்கரம் இரண்டு மட்டும்தான், அதிலும் பெரும்பாலும் இடது பக்கம்தான், இத்தனை நாள் நிறுத்தியிருக்கிறது.

சாமான் வாங்க பெங்களூரு ஜே.சி. ரோடு போனேன். அதே அளவில் புது டிஸ்க், கொஞ்சம் கூடுதல் சூடு தாங்கும் பேட், காலிப்பர் ரப்பர் கிட், டாட் 4 ஆயில், ஸ்டீல் வலை பின்னிய ஹோஸ் நான்கு. எல்லாம் 14,000 ரூபாய்க்குள் முடிந்தது. ரேஸ் பேட் வேண்டாம் என்று விட்டேன். அது சூடேறினால்தான் பிடிக்கும். காலையில் பால் வாங்கப் போகும்போது தெருமுனையில் நிற்காது. எங்கள் ஊரில் ஒருவர் டிராக்டர் ஹைட்ராலிக் ஹோஸை வெட்டி பிரஸ் பண்ணித் தருவதாகச் சொன்னார். பிரேக் ஆயிலுக்கென்று செய்யாத ரப்பர் ஊறிப்போகும் என்பதால் கும்பிடு போட்டு வந்துவிட்டேன்.

டிஸ்க் மாட்டும் முன், அது உட்காரும் ஹப் முகத்தில் இருந்த துருவை ஒயர் பிரஷ்ஷால் தேய்த்தேன். அங்கே ஒரு பொட்டுத் துரு இருந்தாலும் டிஸ்க் ஆடும், பெடல் அதிரும். கைடு பின்னுக்கு சிலிக்கான் கிரீஸ்; சாதா கிரீஸ் பூட் ரப்பரை உப்ப வைத்துவிடும். ஹோஸ் போல்ட்டுக்குப் புது செம்பு வாஷர்.

அப்புறம் ஏர் எடுக்கும் படலம், அதாவது ஆயிலுக்குள் சிக்கிய காற்றை வெளியேற்றுவது. அக்கா மகன் சீட்டில். "மிதி… பிடி… விடாதே… இப்ப விடு." பெடலுக்கு அடியில் ஒரு மரக்கட்டை வைத்திருந்தேன். பழைய மாஸ்டர் சிலிண்டரில் பிஸ்டன் வழக்கமாகப் போகாத இடம்வரை போனால், அங்கிருக்கும் துரு சீலைக் கிழித்துவிடும். ஒரு லிட்டர் ஆயில் காலி. பெடல் இன்னும் பஞ்சு. இன்னொரு அரை லிட்டர். அதே பஞ்சு. "மாமா, கால் மரத்துப்போச்சு, நான் போறேன்" என்று அவன் இறங்கிப் போய்விட்டான்.

இரவெல்லாம் மாஸ்டர் சிலிண்டர்மேல் சந்தேகம். காலையில் டீ டம்ளரோடு சக்கரத்துக்கு எதிரே உட்கார்ந்தபோதுதான் கண்ணில் பட்டது, ஏர் எடுக்கும் நிப்பிள் காலிப்பருக்கு அடியில் இருக்கிறது. மேலே இருக்க வேண்டியது. இரண்டு காலிப்பரையும் ஒரே மேசையில் வைத்து ரப்பர் மாற்றிவிட்டு, இடதை வலதிலும் வலதை இடதிலும் மாட்டியிருக்கிறேன். காற்று மேலே தங்கும், நான் கீழே திறந்துகொண்டிருந்தேன். பத்தொன்பது வருஷம் கம்ப்ரஸர் மாட்டியவன்! மெக்கானிக் அண்ணனிடம் இதை இன்னும் சொல்லவில்லை.

மாற்றி மாட்டி, தூரச் சக்கரத்திலிருந்து தொடங்கி ஏர் எடுத்தேன். கால் மணி நேரத்தில் பெடல் மேலேயே நின்றது. பின் அட்ஜஸ்டரைச் சுத்தம் செய்து, டிரம் லேசாக உரசும்வரை திருகி, ஒரு பல் பின்னால் விட்டேன். புது பேட் படிய, அதிகாலையில் அதியமான்கோட்டை தாண்டிக் காலியான ரோட்டில் 60-லிருந்து 10 வரை பத்துத் தடவை வேகம் குறைத்தேன், முழுதாக நிறுத்தாமல். சூட்டில் நிறுத்தி அழுத்திப் பிடித்தால் பேட்டின் அச்சு டிஸ்கில் ஒட்டிக்கொள்ளும்.

அடுத்த வாரம் மறுபடி தொப்பூர். டாப் கியரிலேயே, பிரேக்கை மட்டும் நம்பி இறங்கினேன். கீழே நிறுத்தி அளந்தால் முன்னால் 215, 205. பின் டிரம் 95. பெடல் இறங்கவில்லை. திரும்பி ஏறி, மூன்றாவது கியரில் அதே இறக்கம். முன்னால் 130, பின்னால் 70.

அண்ணனுக்குப் போன் போட்டு இந்த எண்களைச் சொன்னேன். "அதத்தான கணவாய் பூரா போர்டு வெச்சு எழுதியிருக்கான், கியர்ல இறங்குன்னு" என்றார்.

ஹேண்ட் பிரேக் கேபிள் இன்னும் பாக்கி. காலையில் முதல் இரண்டு மிதிக்கு இடது பக்கம் ஒரு கீச்சுச் சத்தமும் வருகிறது. பேட்டுக்குப் பின்னால் வைக்கும் மெல்லிய தகட்டைப் போடாமல் விட்டதால் இருக்கும். இந்த ஞாயிறு திறந்து பார்க்க வேண்டும், அக்கா மகன் வந்தால்.