கோவில் பூட்டியிருந்தபோது அம்மா நடத்திய ஜெபம்

2020 மார்ச் 22, ஞாயிற்றுக்கிழமை. கொரோனாவுக்காக மக்கள் ஊரடங்கு. காய்ச்சலோ பிரசவமோ இல்லாமல் ஞாயிறு பூசைக்குப் போகாமல் நான் வீட்டில் இருந்தது அன்றைக்குத்தான் முதல் தடவை. ஒரு வாரம்தானே என்று நினைத்தோம். அப்புறம் செப்டம்பர் வரைக்கும் தூத்துக்குடியில் எங்கள் கோவில் கதவு எங்களுக்காகத் திறக்கவே இல்லை. (நாங்கள் கத்தோலிக்கர்கள். இந்தக் கடற்கரையில் எங்களுக்கு அது கோவில்தான், சர்ச் என்று வாயில் வராது.)

முதலில் மாதா டிவி என்ற கத்தோலிக்கச் சேனலில் பூசை பார்த்தோம். அதைக் குறைத்துச் சொல்லவில்லை, படுத்த படுக்கையாக இருந்த எத்தனையோ பேருக்கு அதுதான் துணை. ஆனால் எங்கள் வீட்டில் நடந்தது வேறு. பையன் இட்லித் தட்டோடு சோபாவில், பிரசங்கத்தின்போது குக்கர் விசில், குரு அப்பத்தை உயர்த்தும் எழுந்தேற்றத்தின்போது முழந்தாள்படியிடுவதா வேண்டாமா என்று ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்ப்பது. பூசை முடிந்ததும் அதே டிவியில் எத்தனை பேருக்குத் தொற்று என்று செய்தி ஓடும். எனக்கு உள்ளே ஒன்றும் ஒட்டவில்லை. நாற்பது வயதுக்கு மேல் ஆகியும், எதிரே பீடமும் பக்கத்தில் நாலு பேரும் இல்லையென்றால் எனக்கு ஜெபிக்கத் தெரியவில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. பயமாக இருந்தது.

மார்ச் 27 இரவு பத்தரை மணிக்கு, திருத்தந்தை பிரான்சிஸ் ஆளில்லாத புனித பேதுரு சதுக்கத்தில் மழையில் தனியாக நடந்து வந்ததை எல்லாரும் விழித்திருந்து பார்த்தோம். அன்று வாசித்தது மாற்கு நற்செய்தியில் புயல் வரும் பகுதி, படகுக்குள் தண்ணீர் ஏறுகிறது, இயேசு பின்னால் தலையணை வைத்துத் தூங்குகிறார். என் கணவர் வீட்டில் எல்லாரும் கடலுக்குப் போனவர்கள். அவர் அந்த இடத்தில் குனிந்து அழுதார். அவர் அழுது நான் பார்த்தது அதற்கு முன்னால் அவர் அப்பா இறந்தபோதுதான்.

ஏப்ரல் 5 குருத்தோலை ஞாயிறு. அன்று காலையில் அம்மா ரிமோட்டை எடுத்து, "ஏட்டி, டிவிய அணை. பாய எடுத்து விரி" என்றார்கள்.

அம்மா பிறந்தது திசையன்விளை பக்கம் செம்மணல் தேரிக்காட்டில் ஒரு ஊர். பனையேறிகள் ஊர், கிளைக் கோவில். தாத்தாதான் அங்கே உபதேசியார், அதாவது குரு இல்லாத நேரத்தில் ஜெபம் நடத்தி வேதம் சொல்லிக்கொடுக்கிற ஊர்க்காரர். சாமியார் (பூசை வைக்கும் குருவை அப்படித்தான் சொல்லுவோம்) மாதம் ஒரு தடவை வருவார், மழை என்றால் அதுவும் இல்லை. மற்ற ஞாயிறுகளில் தாத்தா மணியடித்து ஜெபம் சொல்லுவார், நற்செய்தி வாசிப்பார், ஊரே பதில் சொல்லும். சாகக் கிடக்கிறவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து ஜெபமாலை சொல்லுவார். பிறந்த பிள்ளை பிழைக்காது என்று தெரிந்தால் சொம்புத் தண்ணியை எடுத்து அவரே தலையில் ஊற்றி ஞானஸ்நானம் கொடுத்துவிடுவார். ஆபத்து நேரத்தில் யாரும் கொடுக்கலாம் என்பது திருச்சபைச் சட்டம். "எங்க ஊர்ல மாசத்துல மூணு ஞாயிறு பூசையே கிடையாது. விசுவாசம் இல்லாமலா போச்சு?" என்று அம்மா கேட்டார்கள்.

அது தாத்தாவோடு தொடங்கியதும் இல்லை. இந்தக் கடற்கரை மக்கள் 1530-களில் ஞானஸ்நானம் வாங்கியவர்கள், பிறகு சில வருடங்கள் சொல்லிக்கொடுக்க ஆளே இல்லை. 1542-இல் வந்த இயேசு சபைக் குரு புனித பிரான்சிஸ் சவேரியார் உள்ளூர்க்காரர்களை வைத்து ஜெபங்களைத் தமிழில் எழுதி, தானும் மனப்பாடம் செய்து, மணியடித்துப் பிள்ளைகளைக் கூட்டிச் சொல்லிக்கொடுத்தார். நோயாளி வீடுகளுக்கு அவரால் எல்லா இடமும் போக முடியாமல், அந்தப் பிள்ளைகளைத்தான் ஜெபம் சொல்ல அனுப்பினார். 1773-இல் இயேசு சபை கலைக்கப்பட்டபின் ஊர் ஊராகச் சாமியார் இல்லாமல் கிடந்த காலத்திலும் உபதேசியார்கள்தான் தாங்கினார்கள். இதெல்லாம் எனக்கு ஞானோபதேச வகுப்பிலிருந்தே தெரியும். ஆனால் அது சரித்திரப் பாடமாகவே இருந்தது. என் வீட்டு ஹாலில் அம்மா பாய் விரித்து உட்கார்ந்த பிறகுதான் அது யாருடைய கதை என்று புரிந்தது.

குருத்தோலை எங்கே போவது? பக்கத்து வீட்டு அக்கா காம்பவுண்டுச் சுவருக்கு மேலே ஒரு தென்னங்குருத்தை நீட்டினார். அவர்கள் சிஎஸ்ஐ, புராட்டஸ்டண்ட் சபை. "எங்களுக்கும் ஆராதனை இல்லாம கஷ்டமாத்தான் இருக்கு, ஆனா ராத்திரி குடும்ப ஜெபம் நிக்கல" என்றார். தினமும் ஒரு அதிகாரம், ஒரு பாட்டு, ஆளுக்கொரு ஜெபம், பிள்ளைகள் உட்பட. பத்து வருடமாக ஒட்டுச்சுவர், அந்தப் பாட்டுச் சத்தத்தை நான் கேட்டிருக்கிறேன். நம் வீட்டில் ஏன் இல்லை என்று ஒருநாளும் கேட்டுக்கொண்டதில்லை.

அம்மா அந்தக் குருத்தை நகத்தால் நீளவாக்கில் கிழித்து, ஈர்க்கை உருவிப் போட்டு, ஓலையைக் குறுக்கே மடித்து, முனையை நடுவில் விட்டு இழுத்தார்கள். சிலுவை. என் மகளுக்கு மூன்று தடவை பிய்ந்துபோய் நாலாவதுதான் வந்தது. திரு இருதயப் படத்துக்குப் பின்னால் செருகியிருந்த போன வருடத்துக் காய்ந்த ஓலையை எடுத்துவிட்டு இதை வைத்தோம். வாசலில் இருந்து அடுக்களை வரைக்கும் ஓசன்னா பாடிக்கொண்டே பவனி, ஐந்து பேர். பையன் முதலில் வெட்கப்பட்டான், அப்புறம் அவன் குரல்தான் சத்தமாகக் கேட்டது.

அன்றிலிருந்து ஏழரை மணிக்கு ஜெபமாலை. பெரிய வெள்ளியன்று சிலுவைப்பாதையின் பதினான்கு நிலைகளுக்கும் வீட்டுச் சுவர்களில் இடம் பிடித்தோம். ஆறாவது நிலை ஃபிரிட்ஜ் பக்கம். கோவில் வேலைகளைப் பார்க்கும் கோவில்பிள்ளை மட்டும் பகல் பன்னிரண்டுக்குத் தவறாமல் மணியடிப்பார், பூட்டிய கோவிலில் இருந்து வரும் அந்தச் சத்தத்துக்கு அம்மா கையில் இருக்கிற வேலையை வைத்துவிட்டு, காலை, நண்பகல், மாலை மணிக்குச் சொல்லும் திரிகால ஜெபம் சொல்லுவார்கள். நானும் சேர்ந்துகொண்டேன்.

ஒன்றை நேராகச் சொல்லிவிடுகிறேன். வீட்டு ஜெபம் இருந்தால் போதும், கோவில் எதற்கு என்று அந்த நாட்களில் சிலர் பேசினார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. நற்கருணை (பூசையில் இயேசுவின் உடலாக நாங்கள் வாங்கும் அப்பம்) இல்லாத அந்த ஐந்து மாதமும் எனக்குப் பசிதான். 'இப்போது உம்மை நான் வாங்க முடியாததால் ஆவியிலாவது என் இருதயத்தில் வாரும்' என்ற ஆன்மீக நற்கருணை ஜெபத்தைச் சொல்லும்போது ஒவ்வொரு தடவையும் தொண்டை அடைக்கும். ஆகஸ்ட் 5 பனிமயமாதா திருவிழாவுக்கும் ஜனங்களுக்கு அனுமதி இல்லை. அன்று சாயங்காலம் அம்மா சாப்பிடவில்லை.

செப்டம்பரில் திறந்தார்கள். தீர்த்தத் தொட்டி காய்ந்து கிடந்தது, பக்கத்தில் சானிடைசர் பாட்டில், பெஞ்சுகளில் இடம் விட்டு உட்கார டேப் ஒட்டியிருந்தது. 65 வயதுக்கு மேற்பட்டவர்கள் வீட்டிலேயே இருக்கச் சொல்லியிருந்ததால் அம்மா வரவில்லை. எங்களுக்கெல்லாம் ஜெபம் சொல்லிக் காப்பாற்றியவருக்கு இடம் இல்லை, நான் மட்டும் போய் நற்கருணை வாங்கினேன். வீட்டுக்குள் நுழைந்ததும் அம்மா கேட்ட ஒரே கேள்வி, "நன்மை வாங்கினியாட்டி?" நற்கருணையைத்தான் நன்மை என்பார்கள். ஆமாம் என்றேன். என் வலது கையைப் பிடித்து உள்ளங்கையில் முத்தம் கொடுத்தார்கள். ஃபாதர் வீட்டுக்கு வந்து அம்மாவுக்கு நற்கருணை கொடுத்தது டிசம்பரில்.

2021 ஏப்ரல் கடைசியில் மறுபடியும் கோவில்களை மூடினார்கள். மே மாதம் அம்மாவுக்கும் கொரோனா வந்தது. உள்ளறையில் தனியாக இருந்தார்கள், கதவு சாத்தியிருக்கும். ஏழரைக்கு உள்ளே இருந்து 'அருள் நிறைந்த மரியே' என்று இருமலோடு தொடங்குவார்கள், 'அர்ச்சியஷ்ட மரியே' என்று நாங்கள் ஹாலில் இருந்து முடிப்போம். நாலாம் நாள் ஜெபமாலையின் மூன்றாவது காரணிக்கத்தில், அதாவது மூன்றாவது பத்து மணியில், உள்ளே சத்தம் நின்றுவிட்டது. நான் எழுந்து கதவை நோக்கி ஓடினேன். அதற்குள் என் மகள், பதினோரு வயது, பாட்டி விட்ட இடத்தில் இருந்து சொல்லத் தொடங்கியிருந்தாள். அம்மாவுக்கு மூச்சு வாங்கியிருக்கிறது, அவ்வளவுதான். கொஞ்ச நேரத்தில் உள்ளே இருந்து மெல்லப் பதில் சத்தம் வந்தது.

அம்மா பிழைத்துக்கொண்டார்கள். குரல்தான் பழையபடி இல்லை. 2022 ஜனவரியில் வெள்ளி, சனி, ஞாயிறு மூன்று நாளும் வழிபாட்டுத் தலங்களுக்குள் போகக்கூடாது என்று திரும்ப உத்தரவு வந்தது. ஜனவரி 9 ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் அடுக்களையில் இருந்து வருவதற்குள் ஹாலில் பாய் விரித்திருந்தது. மெழுகுதிரி ஏற்றியிருந்தது. பையன் பைபிளில் அன்றைய வாசகத்தைத் தேடிக்கொண்டிருந்தான். "பாட்டி, நீங்க சேர்ல உக்காருங்க, பதில் மட்டும் சொன்னா போதும்" என்று மகள் சொல்லிக்கொண்டிருந்தாள்.