வயலின் ஓரம் யாருக்கு?

பைபிளில் வரும் ரூத்தின் கதையை மாமியார் மருமகள் பாசக் கதையாகவே பேசிவிட்டுப் போகிறோம். எனக்கு அதில் பெரிதாகத் தெரிவது ரூத் கதிர் பொறுக்கப் போன அந்த வயல்தான்.

பைபிளின் சட்டப் புத்தகங்களில் ஒன்றான லேவியராகமம் 19-ஆம் அதிகாரம் நிலக்காரனிடம் நேராகச் சொல்கிறது: வயலின் ஓரத்தைத் தீர அறுக்காதே, சிந்திய கதிரைப் பொறுக்காதே, அது எளியவனுக்கும் பரதேசிக்கும், அதாவது வேற்று நாட்டிலிருந்து வந்தவனுக்கும். இன்னொரு சட்டப் புத்தகமான உபாகமம் 24-ஆம் அதிகாரம் இன்னும் ஒரு படி மேலே போகிறது. வயலில் மறந்துவிட்டு வந்த அரிக்கட்டை எடுக்கக்கூடத் திரும்பிப் போகக்கூடாதாம்! ஒலிவ மரமும் திராட்சைத் தோட்டமும் அப்படியே.

இதைப் பிச்சை என்று சொல்ல எனக்கு மனம் வராது. இது ஏழையின் உரிமை. பிற்காலத்து ரபிகள், அதாவது யூத மத அறிஞர்கள், மிஷ்னா என்ற தங்கள் சட்டத் தொகுப்பில் இதற்கென்றே ஒரு பகுதி வைத்து, ஓரமாக விடுவது 60-இல் ஒரு பங்குக்குக் குறையக்கூடாது என்று வரையறுத்தார்கள்.

அப்புறம் அந்த வயலின் சொந்தக்காரர் போவாஸ். ரூத் மோவாப் என்ற அயல் நாட்டுப் பெண், விதவை, பெத்லெகேமுக்குப் புதியவள். சட்டம் இருந்தாலும் அப்படிப்பட்டவளை வயலில் சீண்ட ஆள் இருக்கும். அதனால்தான் அவளைத் தொடக்கூடாது, அதட்டக்கூடாது என்று வேலைக்காரர்களுக்குக் கட்டளையிடுகிறார். அரிகளிலிருந்து வேண்டுமென்றே சிலவற்றைச் சிந்தவும் சொல்கிறார். அவள் கை நீட்டிக் கேட்கவே தேவையில்லாமல் செய்கிறார் பாருங்கள், அந்த மனசு எனக்கு ரொம்பப் பிடிக்கும். சாயங்காலம் ரூத் தட்டி அளந்தபோது அவளுக்கும் மாமியாருக்கும் பல நாள் வரக்கூடிய வாற்கோதுமை இருந்தது.