மொட்டைமாடியில் ஒரு கேஸ்ஹோல்டர்

ஓவல் மைதானத்தில் டெஸ்ட் மேட்ச் நடந்தால் சுவருக்குப் பின்னால் ஓர் இரும்புக் கூண்டு தெரியும். சின்ன வயதில் ராயபுரம் வீட்டில் டிவி பார்க்கும்போது, பாதியில் விட்ட கட்டடம் என்றுதான் நினைத்தேன். அது லண்டனுக்கு எரிவாயு சேமித்த கேஸ்ஹோல்டர் என்று பின்னால்தான் தெரிந்தது. நிலக்கரியைச் சுட்டு எடுத்த வாயு, தெருவிளக்குக்கும் அடுப்புக்கும் போகுமுன் அங்கே காத்திருக்கும். அது எப்படி வேலை செய்தது என்று கையால் செய்து பார்க்க இந்தக் கோடையில் உட்கார்ந்தேன்.

அடிப்படை எளிது. தண்ணீர்த் தொட்டியில் கவிழ்த்து வைத்த டிரம். வாயு உள்ளே போனால் டிரம் ஏறும், வெளியே போனால் இறங்கும். டிரம்மின் எடைதான் குழாய்க்கு அழுத்தம் கொடுக்கிறது. ஊர்ப்பக்கம் மிதக்கும் டிரம் வைத்த சாண எரிவாயுக் கலன் பார்த்தவர்களுக்குப் புதிதில்லை. லண்டன் கேஸ்ஹோல்டரில் கூடுதலாக இருந்தது, டிரம்முக்குள் டிரம் வைத்து டெலஸ்கோப் மாதிரி நீளும் ஏற்பாடு. எனக்கு வேண்டியதும் அதுதான்.

பெயின்ட் பக்கெட்டில் தொடங்கியது தப்பு. பக்கெட் கீழே குறுகும், ஒன்றுக்குள் ஒன்று சிக்கிக்கொண்டது. வண்ணாரப்பேட்டையில் தகர வேலை செய்யும் பாயிடம் போனேன். உள் டிரம் 30 செ.மீ. அகலம், அதற்கு மூடி உண்டு. வெளி வளையம் 34 செ.மீ., மேலும் கீழும் திறப்பு.

"இன்னா தம்பி, அடியே இல்லாத அண்டா கேக்குற?"

"தண்ணில மெதக்கணும் பாய்."

ஒரு மாதிரி பார்த்தார். ஆனால் பற்றவைப்பு பிரமாதம்.

இரண்டுக்கும் நடுவில் உள்ள இடைவெளியை அடைப்பதுதான் சூட்சுமம். உள் டிரம்மின் கீழ் விளிம்பைச் சுற்றி ஒரு தகர வாய்க்கால். ஏறும்போது அது தொட்டித் தண்ணீரை மொண்டுகொண்டு வரும். வளையத்தின் மேல் விளிம்பை உள்பக்கமாக மடித்துத் தொங்கவிட்டால், அந்த மடிப்பு வாய்க்கால் தண்ணீருக்குள் மாட்டிக்கொள்ளும். தண்ணீரே வாஷர்.

சைக்கிள் பம்பால் காற்றடித்தேன் (சிலிண்டர் கேஸை வைத்து யாரும் விளையாட வேண்டாம்). கொத்தனாரின் லெவல் ட்யூபை வளைத்து, தண்ணீர் ஊற்றி மாட்டியதில் இரு பக்கத் தண்ணீர் மட்டத்துக்கும் 2 செ.மீ. வித்தியாசம், அதுதான் அழுத்தம். டிரம் அழகாக ஏறி வளையத்தைக் கவ்வித் தூக்கியது. உடனே குபுகுபுவென்று குமிழி, எல்லாம் கீழே.

ராத்திரி கணக்குப் போட்டபோதுதான் விளங்கியது. வளையத்தின் எடையும் வாய்க்கால் தண்ணீரின் எடையும் சேர்ந்ததும் அழுத்தம் 4 செ.மீ. பக்கம் போய்விடுகிறது. என் வாய்க்காலோ 3 செ.மீ. ஆழம். அடைப்புத் தண்ணீரை வாயு தள்ளிவிட்டு வெளியே வராமல் என்ன செய்யும்? பாயிடம் மறுபடி போய் 8 செ.மீ. ஆழமாக்கினேன். இப்போது ட்யூப் ஐந்தரை காட்டுகிறது, ஒரு குமிழி இல்லை.

அடுத்த தொல்லை கடற்காற்று. மதியம் காற்று திரும்பியதும் முழுக்க ஏறிய டிரம் சாய்ந்து, அம்மா கணக்குப் பார்த்துச் செலவழிக்கும் லாரித் தண்ணீரில் பாதி மாடியில் ஓடியது. நான்கு பிவிசி குழாய் நட்டு, திரைச்சீலைச் சக்கரங்களை டிரம்மில் ஒட்டினேன். சாய்வு நின்றது. டிவியில் பார்த்த கூண்டு இதற்குத்தான்.

இயற்கை எரிவாயு வந்த பிறகு இவற்றுக்கு வேலை போனது. லண்டன் கிங்ஸ் கிராஸில் 1860-களின் மூன்று கூண்டுகளைப் பிரித்து, பழுது பார்த்து, திரும்ப நட்டு, உள்ளே அடுக்குமாடி வீடு கட்டியிருக்கிறார்கள். வியன்னாவில் 1899-இல் முடித்த நான்கு கேஸ்ஹோல்டரிலும் செங்கல் வெளிச்சுவர் மட்டும் மிச்சம், உள்ளே வீடும் கடைகளும். படம் பார்க்க அழகுதான். ஆனால் ஏறி இறங்கிய பகுதி போய்விட்டது, அதைப் பிடித்துக்கொண்டிருந்த தூணும் மூடியிருந்த சுவரும்தான் தப்பின. என் ஓட்டு ஜெர்மனியின் ஓபர்ஹவுசன் நகரத்துக் கேஸ்ஹோல்டருக்கு. 117 மீட்டர் உயரமுள்ள அது வேறு ரகம், தண்ணீர் கிடையாது, உள்ளே ஒரு பெரிய இரும்புத் தட்டு ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. அந்தத் தட்டை விட்டுவைத்து, கண்காட்சி நடத்துகிறார்கள்.

நேற்று சாயந்திரம் முழுக்க ஏற்றிவிட்டு டீ குடிக்க உட்கார்ந்தேன். ஒரு காக்கா டிரம் மேல் வந்து உட்கார்ந்தது. ட்யூபில் மூன்று மில்லிமீட்டர் கூடியது.